செக்கர் போட்ட கோடு

இவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம் என்று பார்த்தால், ஒன்றுதான் தேறுகிறது: இருபத்தொன்பது வருடச் சர்வீஸில் யாரிடமும் கை நீட்டி எதுவும் வாங்கியதில்லை. அதற்குமேல் தேடினால் தேடுகிறவருக்குத்தான் கண் வலிக்கும். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிப்பது உத்தியோகம். அதனால் ஊருக்கு அவர் செக்கர். வீட்டுக்கும் செக்கர்தான். காலையில் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று டம்ளரைச் சாய்த்துப் பார்ப்பதில் தொடங்கி, தெருக்கதவைத் தாழ் போட்டதை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பதுவரை, விழித்திருக்கும் நேரமெல்லாம் டூட்டிதான்.

ஊரில் அவர் சண்டை போடாத ஆளை விரல் விட்டு எண்ணலாம். எண்ணப்போனால் விரல் மிஞ்சும். கிருதா ஒரு பக்கம் ஏறிவிட்டது என்று முடி வெட்டுகிறவரிடம் சண்டை. அன்றிலிருந்து கண்ணாடி முன் நின்று தானே வெட்டிக்கொள்கிறார், பின்மண்டை எலி கடித்த தேங்காய் மாதிரி இருக்கிறது. துணியைத் திருடிவிட்டான் என்று தையல்காரரிடம் சண்டை. ஒரு பல்லுக்கு வந்தவனுக்கு ஏன் இரண்டு பல்லைப் பார்த்தாய் என்று பல் டாக்டரிடம் சண்டை. மெக்கானிக்குகளிடமோ ஆளுக்கு ஒரு தரம் போட்டு முடித்து, இரண்டாம் சுற்றும் முடிந்துவிட்டது. யாராவது உதவிக்கு வந்தால் அவர் சொல்வது ஒன்றே ஒன்று: "நானே பாத்துக்கறேன்."

அவரிடம் ஒரு கார் இருந்தது. பதினெட்டு வயதான கார், ஒரு காலத்தில் வெள்ளை. மனைவிக்காக வாங்கியது. அந்த அம்மாவுக்கு நெஞ்சில் காற்று போதாது. நாலு படி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். செவ்வாய்க்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொல்லிப் பயிற்சி கொடுக்கிறார்கள். பஸ் நெரிசலும் புகையும் கூடாது என்று டாக்டர் சொல்ல, அன்றைக்கே அலைந்து இந்த வண்டியைப் பிடித்துவிட்டார். அவள் மூச்சு இழுக்கும்போது ஒரு விசில் கேட்கும். உலகத்தில் செக்கர் பயந்தது அந்த ஒரு சத்தத்துக்குத்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வண்டியே அவளுக்கு வில்லனாகிவிட்டது. அடியில் ஓடும் புகைக்குழாய் துருவேறி, நடுவில் ஓட்டையாகி, புகை தரைத்தகட்டின் இடுக்கு வழியாக உள்ளே ஏறியது. பின்சீட்டில் இருந்தவள் பாதி வழியில் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் வாந்தி எடுத்தாள். "வீட்ல யாராவது சிகரெட் பிடிக்கறாங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "எங்க வண்டி பிடிக்குது டாக்டர்" என்றாள் அவள். திரும்பும்போது காரில் ஏறவில்லை. மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள், பின்னாலேயே இவர் காலி வண்டியை உறுமவிட்டுக்கொண்டு ஓட்டிவந்தார்.

வீட்டுக்கு வந்து அவள் சொன்னாள்: "குழாயை மாத்துங்க. மாத்தினாலும் கடைசி ஒட்டு என் தம்பி கையால விழணும். அப்பத்தான் அதுல ஏறுவேன். இல்லன்னா இந்த ஜென்மத்துல ஏற மாட்டேன்."

"ஏன், ஊருல வேற வெல்டரே இல்லியா?"

"இருக்காங்க. நீங்க சண்டை போடாத ஒருத்தரைச் சொல்லுங்க, போவோம்."

செக்கர் மனதுக்குள் வரிசையாக எண்ணிப் பார்த்தார். பிறகு தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

மச்சான் என்று ஒருவன் இருப்பதையே அவர் எட்டு வருடமாக வாயால் சொன்னதில்லை. நடந்தது இதுதான். அந்தத் தம்பிக்கு அப்போது ஒரு இடத்தில் பேசி முடித்திருந்தார்கள். வருங்கால மாமனாரோடும் அக்காவோடும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான். டிக்கெட் எடுத்தான், எடுத்த டிக்கெட்டைச் சும்மா வைத்திருக்காமல், ஊரில் பாதிப் பேர் செய்வதுபோலக் குச்சியாகச் சுருட்டிக் காதைக் குடைந்தான், குடைந்ததை ஜன்னல் வழியாக வீசினான். அடுத்த திருப்பத்தில் ஏறியது யார் என்று நினைக்கிறீர்கள்? இவரேதான்.

"எடுத்தேன் மாமா, கீழ விழுந்துடுச்சு. வண்டியை நிறுத்தச் சொல்லுங்க, ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்றான் அவன்.

"டிக்கெட் கையில இருக்கணும். ரோட்டுல கிடக்கறது ரோட்டுக்கு."

"அவன் எடுத்தான். நான் பக்கத்துல இருந்து பாத்தேன்" என்று மனைவி எழுந்து நின்று சொன்னாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"எனக்குச் சாட்சி வேண்டாம். டிக்கெட் வேணும்."

அபராத ரசீதைக் கிழித்துக் கொடுத்து, நடுவழியில் மச்சானை இறக்கிவிட்டார். மாமனார் ஆகவேண்டியவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனார், அந்தச் சம்பந்தமும் அந்த பஸ்ஸோடு போய்விட்டது. அவனுக்கு இன்றுவரை கல்யாணம் ஆகவில்லை. செக்கருக்குத் தெரியாமல் மாதத்துக்கு ஒரு தரம் அக்கா அவனிடம் போனில் பேசுவாள். அது செக்கருக்குத் தெரியும்.

இப்போது அவனிடம்தான் போக வேண்டும். போகட்டும், ஆனால் ஒட்டு வைப்பது மட்டும்தான் அவன் வேலை, மற்றதெல்லாம் நானே என்று முடிவு செய்தார். மூன்று நாள் லீவு போட்டார். நடுச்சைலன்சர், பின்சைலன்சர், பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலுக்கு மேலே வளைந்து போகும் குழாய், தொங்கவிடும் ரப்பர் வளையங்கள், இறுக்கும் கிளாம்புகள் எல்லாவற்றையும் வாங்கிவந்து வீட்டு முன்னால் சாக்கில் பரப்பினார். கடைக்காரர் கட்டிக்கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து, ஒவ்வொரு கிளாம்பையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கள்ள நோட்டைப் பார்ப்பது போலத்தான்.

ஜாக்கியால் வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டுகளில் நிறுத்தி, அடியில் மல்லாந்து படுத்தார். முதல் நாள் முழுக்கப் பழைய குழாயோடு மல்லுக்கட்டு. துருப்பிடித்த நட்டுகள் ஒன்றும் அசையவில்லை. எண்ணெய் விட்டார், தட்டினார், திட்டினார், கடைசியில் ரம்பத்தால் அறுத்தார். துரு கண்ணில் விழுந்தது. மனைவி வாசலில் நின்று, "கண்ணைக் கழுவிட்டுச் செய்யுங்க" என்றாள். "நானே பாத்துக்கறேன்" என்றது காருக்கு அடியிலிருந்து ஒரு குரல். உண்மையைச் சொன்னால் அவருக்கு அங்கே சந்தோஷமாகத்தான் இருந்தது. மேலே தகடு, கீழே தரை, நடுவில் ஏமாற்ற ஒரு ஆள் இல்லை.

இரண்டாம் நாள் புதுக்குழாய் ஏறியது. ஒரு குழாயின் வாய் அடுத்ததற்குள் நுழையவேண்டும். நுழைத்து, ரப்பரில் தொங்கவிட்டு, எங்கும் இடிக்காமல் திருப்பி நிறுத்தி, கிளாம்பால் இறுக்கி, மூட்டு எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்று கோடு போட வேண்டும். அந்தக் கோட்டில்தான் வெல்டு விழும். எல்லாவற்றையும் நன்றாகத்தான் செய்தார், அதையும் மறைக்கக்கூடாது. ஆனால் சக்கரங்கள் நாலும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

எதிர்வீட்டு லாரி டிரைவர் டீ டம்ளரோடு வந்து குனிந்து பார்த்தார். "சார், தொங்கற சக்கரத்துல அளவு எடுக்காதீங்க. ஆக்சில் இப்ப கீழ தொங்குது, ஆள் ஏறினா மேல வந்துடும். வண்டியை இறக்கி, பின்சீட்டுல ரெண்டு பேரை உக்கார வெச்சு அப்பறம் கோடு போடுங்க. இல்லன்னா குழாய் இடிக்கும்."

செக்கர் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். "உன் லைசென்ஸைப் புதுப்பிச்சாச்சா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"முதல்ல அதைப் பாரு."

டிரைவர் மிச்ச டீயை அவர் வாசலிலேயே ஊற்றிவிட்டுப் போனார். செக்கர் குழாய்க்கும் ஆக்சிலுக்கும் நடுவில் நாலு விரலை நுழைத்துப் பார்த்தார். தாராளமாக நுழைந்தது. நாலு விரல் இடம் இருக்கிறது, இடிக்குமாம்! சூடு மேல்தகட்டில் பட்டு மனைவியின் காலைச் சுடக்கூடாது என்று குழாயை இன்னும் ஒரு விரல் கீழே இறக்கி, சாக்பீஸால் கோடு போட்டார். சாக்பீஸ் அழிந்துவிடுமே என்று ஆணியால் அதன்மேல் கீறினார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான். இந்த முறை அதைக் குழாயிலேயே பொறித்துவிட்டார்.

மூன்றாம் நாள் கிளாம்பு பலத்திலேயே வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு மச்சான் கடைக்குப் போனார். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. தரையெல்லாம் இரும்புத்தூள், மூலையில் இரும்பை வைத்து அடிக்கும் பட்டறைக்கல், சுவரில் மெயின் சுவிட்ச். சுவிட்சுக்கு மேலே ஒரு ஆணியில் பழுப்பேறிய காகிதம் ஒன்று குத்தியிருந்தது. செக்கருக்குக் கிட்டப்போய்ப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. அவர் கிழித்துக் கொடுத்த ரசீதை அவருக்குத் தெரியாதா?

மச்சான் முகக்கவசத்தை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தான். "வாங்க சார். என்ன வேலை?"

எட்டு வருடத்துக்கு முன் மாமா. இப்போது சார். செக்கருக்கு அது செருப்பில் ஏறிய முள்ளாகக் குத்தியது. "மூணு மூட்டு. கோடு போட்டிருக்கேன். கோட்டுல வெல்டு அடிக்கணும். ஒரு நூல்கூட இப்படி அப்படிப் போகக்கூடாது."

"பேட்டரி வயரைக் கழட்டணும்."

"நானே கழட்டிக்கறேன்."

"ஓ. அப்ப நான் வெறும் கைதானா?"

வண்டியைச் சரிவுமேடையில் ஏற்றிவிட்டு அவன் அடியில் போனான். சுத்தியலால் அங்கங்கே தட்டினான். ஆக்சில் பக்கம் வந்ததும் சத்தம் நின்றது. அப்புறம் மூக்கால் ஒரு சிரிப்பு.

"கோடு போடும்போது வண்டி எப்படி நின்னுச்சு சார்?"

"அது உனக்கு எதுக்கு?"

"சக்கரம் தரையில இருந்துச்சா, தொங்கிச்சா?"

"கேள்வி கேக்கறது என் வேலை. இருபத்தொன்பது வருஷமா கேக்கறேன். நீ கோட்டுல அடி."

மச்சான் வெளியே வந்தான். கையைத் துடைத்துக்கொண்டான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று எதிர்பார்த்தால், மழை நின்ற வானம் போல அமைதியாக இருந்தது. ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்து நீட்டினான். "எழுதிக் கொடுங்க. கோடு என்னோடது, நான் சொன்ன இடத்துலதான் வெல்டு அடிச்சாங்கன்னு. கீழ கையெழுத்து."

"எதுக்கு?"

"எனக்குச் சாட்சி வேண்டாம் சார். காகிதம் வேணும்."

செக்கருக்குக் காது மடல்வரை சூடாயிற்று. அவமானம்தான், சந்தேகம் இல்லை. ஆனால் பின்வாங்கினால் கோட்டில் தப்பு என்று ஒப்புக்கொண்டது போலாகும். எழுதினார். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்தும் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். மச்சான் அதை அதே ஆணியில், ரசீதின் மேலேயே குத்தினான். பிறகு கவசத்தை இறக்கிக்கொண்டு, மூன்று மூட்டையும் கீறல் விலகாமல் சுற்றி அடித்தான். வெல்டு அழகாக, காசு அடுக்கிச் சாய்த்த மாதிரி விழுந்திருந்தது. செக்கர் டார்ச் அடித்துத் தேடியும் குறை கிடைக்கவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் அவர் மட்டும். ஒரு சத்தமும் இல்லை. லாரி டிரைவர் வாசலில் நின்றிருந்தார். செக்கர் அவருக்காகவே ஒருமுறை ஆக்சிலேட்டரை மிதித்துக் காட்டினார்.

"தம்பிதான் அடிச்சானா?" என்று கேட்டாள் மனைவி.

"ஆமா. நான் சொன்ன இடத்துல."

"எதாவது பேசினானா?"

"சார்னான்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு, வழக்கம்போலப் பின்சீட்டில் ஏறினாள். முன்சீட்டில் பெல்ட் நெஞ்சை அழுத்தும் என்று அவள் எப்போதும் பின்னால்தான். கொஞ்சம் பூசின உடம்பு. வண்டியின் ஸ்பிரிங்குகளோ கிழடு தட்டியவை. வண்டி பின்பக்கம் ஒரு பெருமூச்சோடு இறங்கியது.

தெருமுனைப் பள்ளத்தில், டங்!

"என்னங்க அது?"

"கல்லு."

முதல் வேகத்தடையில் டங், டங். "இது எந்தக் கல்லு?" என்றாள். செக்கர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குழாய் ஆக்சிலில் மோதியது. வெல்டு இம்மி அசையவில்லை, அது மச்சான் கை. அசையாததுதான் வினையாயிற்று. மோதிய மோதல் எல்லாம் குழாய் வழியே முன்னால் போய், எஞ்சின் பக்கம் வெல்டு இல்லாமல் இவர் தன் கையால் போல்ட் போட்டு இறுக்கிய முன்மூட்டை நெம்பியது. மூன்றாவது வேகத்தடையில் அந்த மூட்டு வாய் பிளந்தது. வண்டி உறுமியது. பழைய வாசனை காலடியிலிருந்து ஏறியது.

பின்னாலிருந்து விசில் சத்தம் கேட்டது. அவள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினார். பத்து நிமிஷம் நடைபாதையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டிக்கொண்டே நின்றார், அவள் வாங்கவில்லை. பேச முடிந்ததும் அவள் கேட்டது, "தம்பி கடை இங்கிருந்து எவ்வளவு தூரம்?"

"ரெண்டு தெரு."

"நான் நடந்து வர்றேன். நீங்க ஓட்டிக்கிட்டு வாங்க."

எட்டு வருடத்துக்குப் பிறகு அக்கா கடை வாசலில் நிற்பதைப் பார்த்ததும் மச்சான் கையிலிருந்த இடுக்கியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "அக்கா!"

"இடிக்கும்னு தெரியுமாடா உனக்கு?"

அவன் நின்றுவிட்டான். பிறகு ஆணியில் இருந்த காகிதத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தான். "அவரே எழுதிக் குடுத்ததுக்கா. கோடு அவரோடதாம். பாரு, கையெழுத்து."

அவள் காகிதத்தை வாங்கி, மடித்த கண்ணாடியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, நிதானமாகப் படித்தாள். "இதுல என் கையெழுத்து எங்கடா இருக்கு?"

"அக்கா..."

"கோடு போட்டவரு இருக்காரு. வெல்டு அடிச்ச நீ இருக்கே. புகையைக் குடிச்சவ எங்க இருக்கா, காட்டு."

"சும்மா டொக்கு டொக்குன்னு சத்தம் வரும், மனுஷன் நிம்மதி கெடும்னுதான் நெனச்சேன். மூட்டு விடும்னு நெனக்கலக்கா. நீ முன்னாடி உக்காருவேன்னு நெனச்சேன்."

"நெனச்சே. என்கிட்ட கேட்டியா?"

செக்கருக்கு இப்போது இடம் கிடைத்தது. "பாத்தியா? தெரிஞ்சே செஞ்சிருக்கான். நான் அப்பவே சொன்னேன், இவனை..."

"நீங்க வாயைத் திறக்காதீங்க" என்றாள் அவள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் அப்படிச் சொன்னதில்லை. செக்கர் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

மச்சான் வண்டியை உள்ளே எடுத்தான். முன்மூட்டுக்குப் புது வளையம் வைத்து இறுக்கினான். பின்னால் தான் வைத்த அழகான வெல்டைத் தானே அறுத்தான். வண்டியைத் தரையில் நிறுத்தி, "பின்சீட்டுல பாரம் ஏத்தணும். அப்பத்தான் சரியான இடம் தெரியும். ஏறுக்கா" என்றான்.

"நான் ஏற மாட்டேன். உங்க மாமாவை ஏத்து."

செக்கர் பின்சீட்டில் ஏற்றப்பட்டார். அது போதவில்லை என்று மச்சான் பட்டறைக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தான். பெட்ரோல் டாங்க் பக்கம் ஈரச்சாக்கைப் போர்த்தினான். "நான் குழாயை நிறுத்திக் குறி போட்டு, வெல்டுல புள்ளி வைக்கிறவரைக்கும் அசையாதீங்க."

இப்படியாக, ஊரையே அசைத்துப் பார்த்த மனிதர் ஒரு கல்லுக்கு ஜோடியாக உட்கார்ந்திருந்தார். அடியில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. தட்டும் சத்தம், உரசும் சத்தம், பளிச்சென்று ஒரு நீல வெளிச்சம். "எவ்வளவு இடம் விட்டிருக்கே?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார். சுத்தியல்தான் தட்டியது. "மேல தகட்டுல படுதா?" சுத்தியல் இன்னும் பலமாகத் தட்டியது. எதிரே ஸ்டூலில் மனைவி உட்கார்ந்திருந்தாள். தன்னைப் பார்க்கிறாளா, கல்லைப் பார்க்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுடைய மூச்சில் இன்னும் விசில் இருந்தது. இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அசையக்கூடாது என்று சொல்லியிருக்கிறானே என்று அதையே சாக்காக வைத்துக்கொண்டார்.

புள்ளி வைத்து முடிந்ததும் அவரை இறக்கிவிட்டு, முழுக்க அடித்துக் கொடுத்தான். எஞ்சினைப் போட்டால் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்கவேண்டும், அவ்வளவு அமைதி. "இனி நாலு பேர் ஏறினாலும் இடிக்காது. ஏறுக்கா" என்றான் மச்சான்.

அவள் எழுந்தாள். "இவரு கோட்டுல ஜெயிக்கப் பாத்தாரு, நீ கையெழுத்துல ஜெயிக்கப் பாத்தே. நடுவுல நான் செத்திருந்தா ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போட்டுட்டு நிம்மதியா இருந்திருப்பீங்க." கைப்பையை எடுத்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு."

ரோட்டைக் கடந்து, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

செக்கர் பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரை விட்டார். பஸ்ஸின் புகை இவர் கண்ணாடியில் அடித்தது. பின்பக்க ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கண்டக்டர் வந்தார்; அவள் டிக்கெட் எடுத்தாள். அதை இவர் கண்ணாரப் பார்த்தார். பிறகு அவள் அந்த டிக்கெட்டை நீளவாக்கில் மடித்தாள். குச்சியாகச் சுருட்டினாள். காதில் விட்டு, தலையைச் சாய்த்து, அவசரமே இல்லாமல் குடைந்தாள். திரும்பிப் பின்னால் வரும் காரைப் பார்த்தாள். கையை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டெறிந்தாள்.

முன்னால் தண்ணீர்த்தொட்டி நிறுத்தம். செவ்வாய்க்கிழமை அங்கே சோதனை. டூட்டிப் பட்டியல் போட்டது அவரே.

காரை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி ஓடினார். பின்னால் வந்தவர்கள் ஹாரனை அழுத்தி, அவர் பிறப்பையும் வளர்ப்பையும் விசாரித்தார்கள். குனிந்து சாக்கடை ஓரம் தேடினார். எச்சில் காகிதம், மிட்டாய்க் காகிதம், கடைசியில் ஒரு காகிதக் குச்சி. நுனியில் பழுப்பாக ஒட்டியிருந்தது. அதை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு மறுபடி வண்டியில் ஏறி, ஹாரன் அடித்துக்கொண்டே துரத்தினார். பஸ் டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்; யார் என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனார்.

தண்ணீர்த்தொட்டி அருகே பஸ் நின்றிருந்தது. அவள் ரோட்டில் நின்றிருந்தாள். எதிரே சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட இன்னொரு செக்கர், ரசீதுப் புத்தகத்தோடு.

"எடுத்தேன். கீழ விழுந்துடுச்சு" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எடுத்தாங்க! அவங்க எடுத்தாங்க, நான் பாத்தேன்!" என்று இவர் ஓடிவந்தார். "இதோ டிக்கெட். பிரிச்சுப் பாருப்பா, நம்பர் இருக்கும்."

கண்ணாடிக்காரர் அந்தக் குச்சியைத் தொடவில்லை. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. டிக்கெட் பயணி கையில இருக்கணும், சாட்சியெல்லாம் கணக்குல வராதுன்னு போன மாச மீட்டிங்ல நீங்கதானே மேஜையைத் தட்டினீங்க?"

"என் சம்சாரம்ப்பா."

"விடுங்க தம்பி, நீங்க எழுதுங்க" என்றாள் அவள். "அன்னைக்கு நானும் எந்திரிச்சு நின்னு இதேதான் சொன்னேன். அவன் என் தம்பி. இவரு கேக்கல."

ரசீது கிழிபட்டது. பஸ் போயிற்று. கண்ணாடிக்காரர் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டு வேறு எங்கேயோ பார்த்தார். அவள் ரசீதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

செக்கர் காரைப் பக்கத்தில் கொண்டுவந்து பின்கதவைத் திறந்து பிடித்தார். "ஏறு. இனிமே இடிக்காது. புகை வராது. உன் தம்பி அடிச்சது." சீட்டைக் கையால் தட்டிவிட்டார். "அன்னைக்கு நீ சொன்னதைக் கேட்டிருக்கணும். தப்புதான்."

அவள் குனிந்து எஞ்சின் சத்தத்தைக் கவனித்தாள். சத்தம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

"நல்லாத்தான் அடிச்சிருக்கான்" என்றாள். பிறகு கதவை வெளியில் நின்றபடியே மெதுவாகச் சாத்தினாள். தூரத்தில் அடுத்த பஸ் வந்தது. கையைக் காட்டினாள், நின்றது. படியில் ஒரு கையை ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினாள்.

"ஒரு டிக்கெட்" என்று அவள் கண்டக்டரிடம் சொன்னது ரோட்டில் நின்றவருக்கும் கேட்டது.